க்ரேட் கதவைச் சாத்தினாலே அழற நாய்க்குட்டி

(காட்சி: ராத்திரி. க்ரேட் கதவை முன்னங்காலால் பிறாண்டும் குட்டி.)

க்ரேட்னா நாய் படுத்துக்கற கம்பிக் கூண்டு. குட்டியை உள்ள விட்டுக் கதவைச் சாத்தினதும் ஆரம்பிச்சிடும். முதல்ல முனகல், அப்புறம் குரைப்பு, அப்புறம் பிறாண்டல். "அழுதா அழட்டும், தானா அடங்கிடும்"னு பலர் சொல்லுவாங்க. தயவுசெஞ்சு அப்படி விட்டுடாதீங்க. எதுக்கு அழுதுன்னு பாருங்க.

2 மாசக் குட்டியால ராத்திரி முழுக்க மூத்திரத்தை அடக்க முடியாது. நல்லா தூங்கிட்டிருந்தது நடு ராத்திரியில எழுந்து முனகினா, வெளிய தூக்கிட்டுப் போங்க. கொஞ்சல், விளையாட்டு எதுவும் வேண்டாம். வேலை முடிஞ்சதும் திரும்ப உள்ள. முதல் சில ராத்திரி க்ரேட்டை உங்க கட்டில் பக்கத்துலயே வைங்க. தாயை விட்டு வந்த குட்டிக்கு நீங்க பக்கத்துல இருக்கறதே பெரிய தைரியம்.

க்ரேட்டுக்குள்ளயே அசிங்கம் பண்ணுதா? அளவைப் பாருங்க. நிக்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் போதும். ரொம்பப் பெருசா இருந்தா ஒரு மூலையில போயிட்டு இன்னொரு மூலையில படுத்துக்கும். நடுவுல தடுப்பு போடுங்க. வாடை போற மாதிரி கழுவுங்க, இல்லன்னா அதே இடத்துக்குத்தான் திரும்பப் போகும்.

(காட்சி: திறந்த கதவு. உள்ளே சாப்பாட்டுக் கிண்ணம்.)

பெரும்பாலான சிக்கலுக்குக் காரணம் நம்ம அவசரம்தான். முதல் சில நாள் பகல்ல கதவையே சாத்தாதீங்க. கிண்ணத்தை வாசல்ல வைங்க, அடுத்த வேளை கொஞ்சம் உள்ள, அப்புறம் கடைசியில. நாலு காலும் உள்ள வெச்சு, திரும்பிப் பார்க்காம நிதானமா சாப்பிடுதா? அப்ப சாப்பிடும்போது மட்டும் சாத்துங்க. கிண்ணத்தை நக்கி முடிக்கறதுக்குள்ள திறந்திடுங்க. அழறதுக்கு முன்னாடியே திறக்கறதுதான் இதுல சூட்சுமம். அப்புறம் சில விநாடி, சில நிமிஷம்னு கூட்டுங்க. நீங்க ரூமை விட்டு வெளிய போறது அதுக்கும் அப்புறம். நடுவுல ஒரு நாள் அழுதா, முந்தின நேரத்துக்கே இறங்கி வாங்க. செருப்பைக் கடிச்சதுக்குத் தண்டனைன்னு உள்ள தள்ளிச் சாத்தினீங்கன்னா, இவ்வளவு உழைப்பும் வீண்.

எச்சில் ஒழுகி, மூச்சு வாங்கி, பல்லோ நகமோ உடையற அளவுக்குக் கம்பியோட போராடினா அது அடம் இல்ல, பீதி. தனியா இருக்கறதையே தாங்க முடியாத நாயை க்ரேட்ல பூட்டினா காயம்தான் மிஞ்சும். உடனே நிறுத்திட்டு கால்நடை மருத்துவர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் யாராவது கூட இருங்க.

(காட்சி: கழுத்துப் பட்டையைக் கழற்றும் கை.)

உள்ள விடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கழுத்துப் பட்டையைக் கழட்டிடுங்க. கம்பியில மாட்டினா கழுத்தை இறுக்கிடும்.