நண்டுக்கு வழிவிடும் தீவு

வணக்கம் நேயர்களே. நவம்பரில் கிறிஸ்துமஸ் தீவுக்குப் போயிருந்தேன், அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான தீவு, ஆனால் கிடப்பதென்னவோ ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில். மொத்தமே 135 சதுர கிலோமீட்டர்தான். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேசியப் பூங்கா.

நாங்கள் போன மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை வண்டியை எடுத்தால் சாலை முழுக்கச் சிவப்பு, அதுவும் நகர்கிற சிவப்பு! காட்டுக்குள் வளையில் கிடந்த செந்நண்டுகள் எல்லாம் கடலுக்குக் கிளம்பிவிட்டன. எங்களை அழைத்துப்போனவர் இறங்கி, சருகு வாரும் வாரியால் நண்டுகளை மெல்ல ஓரம் தள்ளினார், பத்தடி ஓட்டினார், மறுபடி இறங்கினார். முகத்தில் கொஞ்சம்கூடச் சலிப்பு இல்லை. சில சாலைகளை இந்த நாட்களில் மூடியே விடுகிறார்கள், ஓரிடத்தில் நண்டு ஏறிக் கடக்க 5 மீட்டர் உயரத்துக்குப் பாலமே கட்டியிருக்கிறார்கள்.

முட்டையிடுவதற்கும் நாள் பார்க்கின்றன. தேய்பிறை அஷ்டமியை ஒட்டி, விடிவதற்கு முன்னால், ஏறின கடல் வற்றத் தொடங்கும் நேரம். ஈரப் பாறையில் ஒரு பெண் நண்டு இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு உடம்பைக் குலுக்கியதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு நண்டுக்கு லட்சம் முட்டை வரை இருக்குமாம்.

இந்த நண்டுகளுக்கு எமனாக வந்தது ஓர் எறும்பு. 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலை ஊர்களில் ஆடுமாடுகளைப் பாடுபடுத்தியதாகச் செய்தி வந்ததே, அதே மஞ்சள் பைத்திய எறும்புதான். வெளியிலிருந்து வந்தது, கடிக்காது, அமிலத்தைப் பீய்ச்சும், நண்டுக்குக் கண் போய்விடும், அப்புறம் சாவுதான். கோடிக்கணக்கில் செத்திருக்கின்றன. மரத்தில் ஒட்டியிருக்கும் செதில்பூச்சி சுரக்கிற தேன்நீர்தான் எறும்புக்குச் சாப்பாடு. அதனால் அந்தப் பூச்சியை ஒழிக்க மலேசியாவிலிருந்து 2 மில்லிமீட்டர் குளவி ஒன்றைக் கொண்டுவந்து 2016-இல் விட்டார்கள். மருந்து தெளிப்பதைவிட இதுதான் எனக்குச் சரியென்று படுகிறது, ஏனென்றால் மருந்துக்கு எது எறும்பு எது நண்டு என்று தெரியாது.

இந்தத் தீவுக்கே உரிய குட்டி வௌவால் ஒன்று இருந்தது. 2009 ஆகஸ்டுக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. நண்டுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்ற கவலை அங்கே எல்லாருக்கும் இருக்கிறது.

கடலுக்குப் போன முட்டை குஞ்சாகத் திரும்ப ஒரு மாதம் பிடிக்கும், பல வருஷங்களில் பெரிதாக எதுவும் திரும்பாது. நான் ஊருக்கு வந்து நாலு வாரம் கழித்து, அன்று எங்களை வண்டியில் அழைத்துப்போனவரிடமிருந்து போன். “வந்துவிட்டன, கரையில் கால் வைக்க இடமில்லை” என்றார்.