குட்டிகளின் குடலும் கதிரியக்க உலோகங்களும்

நேயர்களுக்கு வணக்கம். கதிரியக்கம் என்றதும் உடம்பை ஊடுருவிப் போகும் கதிர்தான் நம் நினைவுக்கு வரும். நான் இன்று பேசப்போவது வாய்வழியாக உள்ளே போகும் உலோகங்களைப் பற்றி. அதிலும், பால்குடிக்கும் குட்டிகளின் உடம்பில் அவை எங்கே போய்ச் சேருகின்றன என்பதைப் பற்றி.

முதலில் புளூட்டோனியம். வளர்ந்த ஒருவர் அதை விழுங்கினால் குடல் ஏறக்குறைய முழுவதையும் வெளியே தள்ளிவிடும். ரத்தத்தில் சேர்வது பத்தாயிரத்தில் 5 பங்கு என்றுதான் பாதுகாப்புக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டியிலோ இது பல மடங்கு அதிகம். உடம்பு சின்னது என்பதால் அல்ல, அந்த வயதில் குடல் வேலை செய்யும் விதமே வேறு.

தாய்ப்பாலில் வரும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் சிதையாமல் முழுசாக உள்ளே போக வேண்டும். அதற்காகக் குட்டியின் சிறுகுடல் செல்கள் பாலைத் துளித்துளியாக அப்படியே விழுங்கிக்கொள்கின்றன. பாலோடு வந்த உலோகமும் அதே வழியில் நுழைந்துவிடுகிறது. பன்றிக்குட்டியில் இந்த வழி பிறந்த ஓரிரு நாளில் அடைபடும். எலிக்குட்டியில் பால் மறக்கும் வரை, அதாவது சுமார் மூன்று வாரம், திறந்தே கிடக்கும்.

சரி, செல்லுக்குள் போனதெல்லாம் ரத்தத்துக்கும் போய்விடுமா? இல்லை. எலிக்குட்டியில் கணிசமான பகுதி சிறுகுடலின் கடைசிப் பகுதிச் சுவரிலேயே தங்கிவிடும். அப்புறம் பழைய செல்கள் உதிரும்போது கழிவோடு வெளியேறும். உடம்பை மொத்தமாக அளந்து ‘இவ்வளவு உறிஞ்சப்பட்டது’ என்று எழுதினால் கணக்கு தப்பிவிடும். குடலை ஒரு பக்கம், எலும்பையும் கல்லீரலையும் இன்னொரு பக்கம் என்று பிரித்து அளந்தால்தான் விஷயம் பிடிபடும்.

மனிதக் குழந்தைக்கு எதிர்ப்புப் புரதங்களில் பெரும்பங்கு கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுகிறது. அதனால் எலியின் எண்ணை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. புளூட்டோனியத்தைப் பொறுத்தவரை கைக்குழந்தைக்குப் பெரியவர்களைப் போல 10 மடங்கு உறிஞ்சல் என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கிறது. என் பார்வையில் இது நிதானமான முடிவு.

ரத்தத்துக்கு வந்த புளூட்டோனியம், இரும்பைச் சுமக்கும் புரதத்தில் ஏறிக்கொண்டு எலும்புக்கும் கல்லீரலுக்கும் போகிறது. இளசுகளில் எலும்பின் பங்கு கூடுதல். எலும்பின் மேற்பரப்பில்தான் அது படியும். ஆனால் வளரும் எலும்பு அதன்மேல் புது அடுக்குகளைக் கட்டிப் புதைத்துவிடும். இன்னொரு கதிரியக்க உலோகமான ஸ்ட்ரான்சியம்-90 கால்சியம் போகிற வழியிலேயே போகும். பெரியவர்கள் விழுங்கியதில் சுமார் 30 சதவீதம் உள்ளே சேரும் என்றால், கைக்குழந்தையில் 60 சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள்.

மூன்றாவது உலோகமான சீசியம்-137 மட்டும் இவற்றுக்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. எந்த வயதிலும் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்பட்டு, பொட்டாசியத்தைப் போலத் தசைகளில் பரவும். அதில் பாதி வெளியேறப் பெரியவர்களுக்குச் சுமார் 110 நாள் ஆகும். கைக்குழந்தைக்கு இரண்டு மூன்று வாரம் போதும். ‘குழந்தை என்றால் எல்லாமே பல மடங்கு’ என்ற பேச்சு இங்கே எடுபடாது. ஆணையத்தின் அட்டவணைகள் 3 மாதம், 1, 5, 10, 15 வயது, பெரியவர் என ஆறு நிலைகளுக்கும், ஒவ்வொரு தனிமத்துக்கும், தனித்தனி எண் கொடுப்பது இதனால்தான்.