நிழலின் அருமை

(சத்துவாச்சாரியில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் நடத்திய தண்ணீர்ப் பந்தல் திறப்பு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, பந்தலைத் திறந்துவைத்து முதல் குவளை மோரைத் தம் கையாலேயே மொண்டு கொடுத்த மாமன்ற உறுப்பினர் அவர்களே, தம் கல்யாண மண்டபத்தை வாடகை வாங்காமல் நமக்குத் திறந்துவிட்ட உரிமையாளர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்திருக்கும் கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, விடியற்காலை நாலு மணிக்கே வந்து கீற்று வேய்ந்த தோழர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பழைய மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம். மருத்துவர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். நான் பேசப் போவதில் பிழை இருந்தால் இங்கேயே எழுந்து திருத்தும்படி அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். வேலூரை வெயிலூர் என்று ஊரே சொல்கிறது. கத்திரி நடக்கும்போது அந்தப் பழமொழியை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நிழல் வேண்டும் என்று வாய் திறந்து கேட்க முடியாத உயிர்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். மூன்று விஷயங்கள். நிறுத்திய காருக்குள் என்ன நடக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, மூன்றாவது பூனைகளும் கூண்டுப் பறவைகளும்.

முப்பது வருடம் பௌதிகம் நடத்தியவன் என்பதால் முதல் விஷயம் எனக்குச் சுலபம். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே போகிறது. டேஷ்போர்டும் சீட்டும் ஸ்டியரிங்கும் அதை வாங்கிக் காய்கின்றன. காய்ந்த பொருள் வெளிவிடும் வெப்பத்தைக் கண்ணாடி அப்படியே வெளியே விடுவதில்லை, சூடான காற்று வெளியேறவும் வழியில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இதை அளந்து 2005-இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் காருக்குள் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துப் பார்த்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. போன வாரம் நானும் என் காரில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பூட்டினேன். பத்தரை மணிக்கு 37 காட்டியது, பதினோரு மணிக்கு 52.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் உடம்பை ஆற்றிக்கொள்ள வேண்டும். அடைத்த காருக்குள் அது விடும் மூச்சே காற்றை ஈரமாக்கிவிடும். அப்புறம் எவ்வளவு இரைத்தாலும் சூடு தணியாது. அதன் உடம்பு இயல்பாக 38, 39 டிகிரியில் இருக்கும். 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இன்னும் சீக்கிரம்.

நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன், இதே கத்திரியில், ஆரணிப் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தின் பெயர் வேண்டாம். என் அக்கா மகன் சென்னையிலிருந்து மனைவி, பிள்ளையோடு வந்தான். கூடவே அவர்கள் வளர்த்த பக் நாய், ஜிக்கி. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வாசலில் வாட்ச்மேன், "நாய் உள்ள வரக்கூடாது சார், ஓனர் திட்டுவாரு" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வேப்பமரத்தடியில் நல்ல நிழலாகப் பார்த்துக் காரை விட்டார்கள். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் வைத்தார்கள். "தாலி கட்டினதும் வந்துடறேன்டா கண்ணு" என்று மருமகள் சொல்லிவிட்டு வந்ததை நானே கேட்டேன்.

கல்யாண வீட்டில் ஒருவன் போனதும் வர முடியுமா? தாலி கட்டியாயிற்று. மேடையில் போட்டோவுக்கு வரிசை, மொய் எழுத ஒரு வரிசை, அப்புறம் பெரியப்பா கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்தார். இதற்குள் நிழல் நகர்ந்து காம்பவுண்டு சுவருக்குப் போய்விட்டது. கார் நடு வெயிலில் நிற்கிறது.

வாசலில் பூ விற்ற அம்மா ஒருவர்தான் கவனித்தார். கண்ணாடியைப் பிராண்டும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்ததாம். சத்தம் நின்றதும் அவருக்கு மனசு பொறுக்கவில்லை. உள்ளே ஓடி வந்து மைக்காரரிடம் சொன்னார். அவரும், "வெள்ளைக் கலர் ஸ்விஃப்ட் கார் வைத்திருப்பவர் வாசலுக்கு வரவும்" என்று மூன்று முறை சொன்னார். வாசலில் ஐந்து வெள்ளை ஸ்விஃப்ட்! மேடையில் நாகஸ்வரம், மேளம். யார் காதில் விழும்? அந்தம்மா மைக்கைப் பிடுங்கி, "உள்ள நாய் சாவுதுய்யா!" என்று கத்தினார். இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்தது. அப்படியே எழுந்து ஓடினோம்.

கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி அனல் அடித்தது. தண்ணீர் கவிழ்ந்து, மூடி தொட முடியாத சூடு. ஜிக்கி சீட்டுக்கடியில் கிடந்தது. நாக்கு கருஞ்சிவப்பாக வெளியே தொங்க, வாயெல்லாம் கெட்டி எச்சில். பூக்கார அம்மா தன் ஈரச்சாக்கைத் தரையில் விரித்து அதைக் கிடத்தி, பூ நனைக்கும் வாளித் தண்ணீரை வயிற்றிலும் காலிடுக்கிலும் மெல்ல மெல்ல ஊற்றினார். முறத்தால் விசிறிக்கொண்டே இருந்தார். ஒருவர் அதன் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றப் போனார். "மூச்சுல பூந்துரும், உடு" என்று கையைத் தட்டிவிட்டார். அவர் செய்தது அத்தனையும் சரி என்று மருத்துவர் அம்மா தலையாட்டுகிறார்கள். கால் மணி நேரத்தில் ஜிக்கி தலை தூக்கியது, எழுந்து நின்றது. காதோரம் இரண்டு மல்லிகை மொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் செய்த தப்பு அதற்கப்புறம்தான். எழுந்து நின்றுவிட்டதே என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. மூன்றாம் நாள் சென்னையில் இறந்துவிட்டது. சிறுநீரகம் போய்விட்டது என்றார் டாக்டர். தயவுசெய்து நினைவில் வையுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றியதோடு நிற்காதீர்கள். எழுந்து நின்றாலும், வாலை ஆட்டினாலும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிவைத்த முயற்சியால் வந்தது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம். நம் சென்னைக்காரர் செய்த பெரிய காரியம். ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அதில் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கும் அதே 50 ரூபாய்தான். அதை உயர்த்தச் சொல்லி நாம் எழுதும் மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

சரி, அபராதம் இருக்கட்டும். உள்ளே விடக்கூடாது என்றால் அந்த நாயை எங்கேதான் விடுவது? நம் முன்னோர் அறம் முப்பத்திரண்டு என்று எண்ணி வைத்தார்கள். அதில் தண்ணீர்ப் பந்தல் உண்டு, சோலை உண்டு, மாடு உடம்பு உரசிக்கொள்ள ஆவுரிஞ்சு கல் நடுவதும் உண்டு. மாட்டுக்கு முதுகு அரிக்குமே என்று நினைத்த ஊர் இது! இன்று மண்டபம் கட்டுகிறோம், ஜவுளிக்கடை கட்டுகிறோம், நூறு கார் நிற்க இடம் விடுகிறோம், அதில் ஒரு மரம் இல்லை. நிழலின் அருமை வெயிலில் தெரியும், ஆனால் மரத்தை மழைக்காலத்திலேயே நட வேண்டும். மரத்தடியில் காருக்குள் விடச் சொல்லவில்லை. நிழல் நகரும், ஜிக்கிக்கு நகர்ந்தது. காரைவிட்டு இறக்கிக் கட்ட நிரந்தரமாக ஒரு கொட்டகை, ஒரு கல்தொட்டி, பார்த்துக்கொள்ள ஓர் ஆள். மூன்று வருடமாக நான் கேட்பது இவ்வளவுதான். இதுவரை ஏழு மண்டபங்களுக்கு நடந்திருக்கிறேன்.

செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். பூனைகளையும் பறவைகளையும் அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். இந்த மண்டப உரிமையாளர் தம் வளாகத்தில் முதல் தொட்டி வைக்க இன்று காலை சம்மதித்திருக்கிறார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கல்தொட்டி வண்டியில் வருகிறது. நல்ல கனம். இறக்கி வைக்க ஆறு பேராவது வேண்டும். வருகிறவர்கள் பந்தலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.