வெள்ளியங்கிரி ஏறினவர் நுவாங் ஏறலாமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்ததுல ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கிறேன். ஏன்னா கேட்டவரு வர்ற சனிக்கிழமையே கிளம்புறாராம். கோயம்புத்தூர்ல இருந்து மலேசியாவுக்கு வேலைக்கு வந்து, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல தங்கியிருக்கிற ஒரு தம்பி. "ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவங்க குனோங் நுவாங் மலைக்குப் போறாங்க, காலையில போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாம்னு என்னையும் கூப்பிடுறாங்க. நான் ஊர்ல வெள்ளியங்கிரி ஏறிப் பழகினவன். நுவாங் 1,493 மீட்டர்தான்னு போட்டிருக்கு. தனியா ஏதாவது தயார் பண்ணணுமா?" இதுதான் கேள்வி.

தம்பி, வெள்ளியங்கிரி ஏறின கால் நல்ல கால். அதுல சந்தேகமே இல்லை. ஆனா அங்க நீங்க ஏறுறது மாசி, பங்குனியில, பெரும்பாலும் ராத்திரியில, குளிர் காத்துல. கையில மூங்கில் தடி. முன்னாலயும் பின்னாலயும் ஜனம், வழி தப்பவே விடாது. நுவாங்ல இது ஒண்ணும் கிடையாது. அதுவும் போக, உலு லங்காட் பக்கம் பங்சூன்ல வண்டிய நிறுத்துற இடம் நல்ல தாழ்வான இடம். அங்க இருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல முழுசா ஏறணும், அதையே இறங்கணும்.

வழி எப்படி இருக்கும்னு சொல்றேன். முதல்ல பழைய மரம் வெட்டுற பாதை, சுமார் அஞ்சு கிலோமீட்டர். அகலமான பாதைதான், ஆனா முடியவே முடியாத மாதிரி போய்க்கிட்டே இருக்கும். அது முடியிற இடம் கேம் லோலோங்கிற முகாம், ஆத்தங்கரை. அடுத்தது கேம் பாச்சாட். அங்க இருந்துதான் மலை நிஜமா ஆரம்பிக்குது. வேரைப் பிடிச்சு, முட்டி நெஞ்சைத் தொடுற மாதிரி ஏறணும். ரொம்ப நேரம் ஏறினப்புறம் ஒரு உச்சி வரும், எல்லாரும் வந்தாச்சுன்னு உக்காந்துடுவாங்க. அது பெங்காசே. நுவாங் உச்சி இன்னும் அந்தப் பக்கம், ஒரு இறக்கம் இறங்கித் திரும்ப ஏறணும். போறதும் வர்றதும் சேர்த்து ஒன்பது பத்து மணி நேரம் சாதாரணமா ஆகும். புதுசா வர்றவங்களுக்கு இன்னும் கூட ஆகும்.

இந்தக் காட்டுல ஆளைச் சாய்க்கிறது உயரம் இல்லை, புழுக்கம். காத்துல ஏற்கெனவே அவ்வளவு ஈரம் இருக்கிறதால வேர்வை காயாது. வேர்வை காஞ்சாத்தானே உடம்பு குளிரும்? சட்டையைப் பிழியிற அளவுக்குத் தண்ணியும் உப்பும் வெளியே போகுது, உடம்போ சூடாவே இருக்கு. அதனால மூணு லிட்டராவது தண்ணி எடுத்துக்குங்க, அதோட உப்புக் கரைசல் பொட்டலமும் எடுத்துக்குங்க. வெறும் தண்ணியை மட்டும் குடிச்சுக்கிட்டே போனா ரத்தத்துல உப்பு குறைஞ்சு தலை சுத்தும், கால் இழுக்கும். ஆத்துத் தண்ணி பார்க்கப் பளிங்கா இருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி கண்ணுக்குத் தெரியாது, கொதிக்க வைக்காமக் குடிக்காதீங்க.

இப்ப முக்கியமான விஷயம். காலையில வெளிச்சம் வர்றப்பவே நடக்க ஆரம்பிச்சிடணும். மதியம் ஒரு மணி ஆனதும், எங்க நின்னுக்கிட்டு இருந்தாலும் சரி, உச்சி இன்னும் அரை மணி நேரம்தான்னு யாரு சொன்னாலும் சரி, திரும்பிடணும். இங்க இடியும் மழையும் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர்ல ரொம்பவே அதிகம். சூரியன் மறையிறது ஏழு மணி வாக்குலன்னாலும், மரத்தடியில ஆறரைக்கே இருட்டிடும். லோலோவுக்கு மேல இருக்கிற சரிவை வெளிச்சத்துல இறங்கி முடிச்சிடணும், அதுக்குத்தான் இந்தக் கணக்கு. அகலப் பாதைக்கு வந்துட்டா தலை விளக்கை வச்சு நடந்துடலாம்.

இதைக் கார் நிறுத்துற இடத்துலயே பேசி முடிங்க தம்பி. வேலைக்கு வந்த ஊர், புதுச் சிநேகிதம், அவங்க முன்னாடி "என்னால முடியல"னு சொல்ல நம்ம பிள்ளைங்களுக்குக் கூச்சமா இருக்கு. கால் நடுங்க ஆரம்பிச்சப்புறமும் சிரிச்சுக்கிட்டே ஏறுறாங்க. அப்படி ஏறுறவங்கதான் இறங்குறப்ப விழுறாங்க. கூட்டத்துல மெதுவா நடக்கிறவரை முன்னாடி விடுங்க, பழகின ஒருத்தர் கடைசியில வரட்டும். நீங்கதான் மெதுன்னா நீங்கதான் முன்னாடி. சீனரோ மலாய்க்காரரோ, காடு தெரிஞ்ச யாரும் இதைத் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

செருப்புக் கடைக்குப் போனா கறுப்பு ரப்பர் சப்பாத்து தொங்கும், அடியில முள்ளு முள்ளா இருக்கும். கம்போங் அடிடாஸ்னு கேளுங்க. ரப்பர் தோட்டத்துல பால் எடுக்கிற நம்ம ஆளுங்க காலங்காலமாப் போட்டது. ஈரக் களிமண் சரிவுல அது பிடிக்கிற பிடி, விலை உசந்த சப்பாத்து பலதுலயும் கிடையாது. தடிமனான காலுறையோட போட்டுப் பார்த்து, ஒரு அளவு பெருசா வாங்குங்க. இறங்குறப்ப விரல் முட்டினா நகம் கறுத்துடும்.

காட்டுல எதையும் பார்க்காம கையில பிடிக்காதீங்க. ரோத்தான் கொடி, நம்ம பிரம்புதான், சாட்டை மாதிரி மெல்லிசா பாதை மேல நீண்டிருக்கும். அதுல இருக்கிற முள்ளெல்லாம் பின்பக்கமா வளைஞ்ச கொக்கி. சட்டையில மாட்டினா இழுத்துக்கிட்டு முன்னால போகாதீங்க, தோலைக் கிழிச்சிடும். நின்னு, ஒரு அடி பின்னால வாங்க, தானா விட்டுடும்.

அட்டை கண்டிப்பா ஏறும், பயப்படாதீங்க. நெருப்பு வைக்க வேண்டாம். வாய் ஒட்டியிருக்கிற இடத்துல நகத்தைச் சாய்ச்சுத் தள்ளினா விழுந்துடும். அது ரத்தம் உறையாம ஏதோ ஒண்ணை விட்டுட்டுப் போறதால கொஞ்ச நேரம் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். சுத்தமாக் கழுவி ஒரு பிளாஸ்டர் போடுங்க, போதும்.

அட்டையை விட ஆத்துக்குப் பயப்படுங்க. நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கும், மலை மேல மழை கொட்டியிருக்கும். தண்ணி திடீர்னு கலங்கி, இலையும் குச்சியும் அடிச்சுக்கிட்டு வந்து, சத்தம் மாறுச்சுன்னா அது கெப்பாலா ஆயர், மேல இருந்து வர்ற வெள்ளம். கடக்காதீங்க. மேட்டுல ஏறி உக்காருங்க, வடியட்டும். வேலைக்கு லேட் ஆனாலும் பரவாயில்லை.

இந்தச் சனிக்கிழமை வேண்டாம்னுதான் நான் சொல்வேன். முதல்ல புக்கிட் காசிங் குன்றுல நடங்க. அப்புறம் நெகிரி செம்பிலான் மாநிலத்துல குனோங் ஆங்சி, 825 மீட்டர், உலு பெண்டுல் வழியா ஏறிப் பாருங்க. நடுவுல கொண்டோ அடுக்குமாடியில லிஃப்டை விட்டுட்டுப் படியில இறங்குங்க, ஏறுறதை விட இறங்குறதுதான் தொடையைப் பழக்கும். ஆங்சி இறங்கின மறுநாள் படி இறங்க முடியுதான்னு பாருங்க, முடிஞ்சா நுவாங் தேதி குறிக்கலாம்.

அந்தத் தேதி குறிக்கிறப்ப, வனத்துறை அனுமதி யாரு எடுத்திருக்காங்க, அதுல உங்க பேர் இருக்கா, வழிகாட்டி யாருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. ஊர்ல அம்மாகிட்ட சொல்றது இருக்கட்டும், இங்க கோலாலம்பூர்ல இருக்கிற ஒருத்தர்கிட்ட, "ராத்திரி ஒன்பதுக்குள்ள நான் கூப்பிடலைன்னா 999க்குச் சொல்லுங்க"ன்னு எந்த மலை, எந்த வழின்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. காட்டுக்குள்ள போன் எடுக்காத இடம் நிறைய இருக்கு. பாதை தவறிட்டா நடக்காம அதே இடத்துல இருந்து விசில் ஊதுங்க. ஆங்சி போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க தம்பி, நுவாங்குக்கு என்ன சாப்பாடு கட்டிக்கிட்டுப் போறதுன்னு அப்ப பேசலாம்.