அடிபட்ட பூனை வீட்டுக்கு வந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம். பூனைக்குப் பலத்த அடி. மிருக வைத்தியரிடம் காட்டி, ஊசி போட்டு, எக்ஸ்ரே எடுத்து, திரீவீலில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். பேராதனையில் உள்ள மிருக வைத்திய போதனா வைத்தியசாலை வரைக்கும் போய் வந்தவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நாய் கடித்திருக்கலாம், வேன் தட்டியிருக்கலாம், காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பியில் மாட்டியிருக்கலாம். எதுவானாலும் அடுத்த நான்கு முதல் ஆறு கிழமைக்கு அதற்கு உங்கள் வீடுதான் வார்ட்டு, நீங்கள்தான் நர்ஸ்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெனடோல், அதாவது பரசிட்டமோல், கொடுக்காதீர்கள். "பாவம், வலியில் கத்துது, அரை வில்லை கொடுப்போம்" என்று மனம் சொல்லும். கொடுக்காதீர்கள். நம் ஈரல் அந்த மருந்தை உடைத்து வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலில் அதற்கான சரக்குப் போதாது. மருந்து நஞ்சாக மாறி இரத்தத்தைக் கெடுக்கும், ஈறு மண்நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். ஒரு வில்லை 500 மில்லிகிராம். பூனை நான்கு கிலோ. ஒரே வில்லையில் போய்விடும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாணியும் அதே மருந்துதான். வைத்தியர் பூனைக்கென்று எழுதிக் கொடுத்தது மட்டும் போதும்.

அடுத்தது, அடைத்து வைப்பது. இடுப்பெலும்பு உடைந்த பூனைக்குப் பல நேரம் சத்திரசிகிச்சை தேவைப்படாது. அசையாமல் கிடப்பதுதான் வைத்தியம். மூன்றடி நீளம், இரண்டடி அகலம், எழுந்து நிற்கிற அளவுக்கு மட்டும் உயரம். பழைய கோழிக்கூடு போதும், அல்லது இரண்டு மரக்கறிப் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டி முன்பக்கம் கம்பிவலை அடிக்கலாம். பத்துப் பதினைந்து நாளில் வலி குறையும், பூனை கத்தும், கதவைப் பிராண்டும். "சுகமாயிடுச்சு" என்று நாம் தவறாகத் திறந்துவிடுவது அப்போதுதான். அந்த நேரத்தில் எலும்பு ஒட்டத் தொடங்கியிருக்குமே தவிர இறுகியிருக்காது. லயத்துக் காம்பராவில் சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் இடையில் ஒரு சந்து இருக்குமே, அதை நோக்கி ஒரே தாவு. பிறகு மறுபடியும் எக்ஸ்ரே.

கூட்டை அடுப்பங்கரையில் வைக்காதீர்கள். நம் பக்கத்தில் பூனை என்றாலே அடுப்படிதான், அது சரி. ஆனால் ஈர மிலாறு, அதுதான் தேயிலைச் செடி வெட்டிய விறகு, எரிகிற புகை நெஞ்சில் அடிபட்ட பூனைக்கு ஆகாது. இன்னொன்று, பின்காலில் உணர்ச்சி இல்லாத பூனை தணலுக்குப் பக்கத்தில் கிடந்தால் தோல் வேகுவது அதற்குத் தெரியாது. நுவரெலியாப் பக்கம் தை மாதக் குளிருக்குச் சூடு வேண்டும்தான். போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துவாயில் நன்றாகச் சுற்றிக் கூட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர அதற்கு இடம் இருக்க வேண்டும்.

இப்போது எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அடிபட்ட பூனையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "சாப்பிட்டுச்சா?" ஒருவரும் கேட்பதில்லை, "மூத்திரம் போச்சா?" என்று. முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

வால் மேல் டயர் ஏறினாலோ, வால் எதிலாவது மாட்டி இழுபட்டாலோ, முதுகெலும்பின் கடைசியில் உள்ள நரம்புகள் இழுபடும். வால் செத்ததுபோல் தொங்கும். அதே இடத்து நரம்புகள்தான் மூத்திரப்பையையும் ஆட்டுவிக்கின்றன. பை நிரம்பும், பூனையால் வெளியேற்ற முடியாது. இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். நிரம்பி வழிகிற பையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். படுக்கை ஈரமாக இருக்கும். "போயிருக்கே" என்று நினைத்துவிடுவோம். அது போனதல்ல, வழிந்தது. உள்ளே பை தோடம்பழம் மாதிரி இறுகி நிற்கும். தொடர்ந்து அப்படி நின்றால் பையின் தசை தளர்ந்துபோகும், சிறுநீரகமும் கெடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பூனை மூத்திரம் போக வைக்கும் தட்டில் மண் போடாமல், பழைய பத்திரிகையைக் கீற்றாகக் கிழித்துப் போடுங்கள். புண்ணிலும் ஒட்டாது, எவ்வளவு நனைந்தது என்பதும் தெரியும். நான்கு கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு சின்ன யோகட் கோப்பை அளவாவது போக வேண்டும். போன நேரத்தை நாட்காட்டியிலேயே எழுதி வையுங்கள். 24 மணித்தியாலம் ஒன்றும் போகவில்லை, அல்லது சொட்டுவது மட்டும்தான் என்றால் அன்றே வைத்தியரிடம். நீங்களாக வயிற்றை அமுக்காதீர்கள், பை வெடிக்கும். எப்படி அமுக்குவது என்று வைத்தியர் உங்கள் கையைப் பிடித்துக் காட்டித் தந்தால் மட்டும், அவர் சொன்ன வேளைகளில் செய்யலாம். வால் தொங்கிய பூனைகளில் பல, ஒரு மாதத்துக்குள் தானாகப் போகத் தொடங்கிவிடும். அதுவரைக்கும் அந்தப் பையை வெறுமையாக வைத்திருப்பதுதான் உங்கள் வேலை. திரும்பச் சொல்கிறேன்: படுக்கை நனைந்திருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

சாப்பாடு. இரண்டு நாளைக்கு மேல் பட்டினி கிடந்தால் பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறும். கொழுத்த பூனைக்குத்தான் ஆபத்து கூட. அவித்த கோழி, சூடை மீன், வெறுந்தண்ணீரில் அலசிய டின்மீன் எதுவும் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு படக்கூடாது. கறிச்சட்டியில் மிஞ்சியதைப் போடுவது அதனால்தான் ஆகாது. பால் வேண்டாம், வயிற்றால் போகும். இளஞ்சூட்டில் கொடுத்தால் மணம் எழும்பும், தின்னும். தின்னாவிட்டால் ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கமாக ஒவ்வொரு மில்லிலீற்றராக விடுங்கள். தலையை அண்ணாத்த வேண்டாம், நெஞ்சுக்குள் போய்விடும். மயங்கிக் கிடக்கும் பூனைக்கு வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது.

நேரம் முடிகிறது என்று வானொலி அறையில் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். புண்ணைப் பற்றி விரைவாகச் சொல்கிறேன். கொதித்து ஆறிய தண்ணீர் அரை லீற்றருக்கு, தலைதட்டிய தேக்கரண்டி ஒன்று உப்பு. அதில் நனைத்த சுத்தமான துணியால் துடைப்பது போதும். டெட்டோல், மண்ணெண்ணெய், தைலம் எதுவும் வேண்டாம். பூனை நக்கும், அதுவும் நஞ்சுதான். நக்காமலிருக்கப் பழைய எக்ஸ்ரே படத்தைக் கழுத்தில் கூம்பாகச் சுற்றி ஓரத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டலாம். மூக்கு நுனியைத் தாண்டி ஒரு விரல்கடை நீள வேண்டும், கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

கம்பியில் மாட்டிய பூனையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் நாள் வெறும் கோடு மாதிரித்தான் தெரியும். இறுகிய இடத்துக்கு இரத்தம் போகாததால் நாலைந்து நாள் கழித்துத்தான் தோல் கறுத்து, நாற்றமெடுத்துக் கழன்றுவரும். ஆகவே ஒரு கிழமைக்குத் தினமும் மயிரை விலக்கிப் பாருங்கள். எந்த அடியானாலும், தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு நாற்பதைத் தாண்டினாலோ, வாய் திறந்து மூச்சுவிட்டாலோ, ஈறு வெளுத்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வலியில் உங்களைக் கடித்துவிட்டால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். வணக்கம்.