மிதம் என்பது மதில்மேல் பூனையா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, மயிலாடுதுறைப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். சமயம், அரசியல், சமூகம் ஆகிய மூன்றிலும் ஒரு மனிதர் கொள்ளத்தக்கது தீவிரமான நிலைப்பாடா, மிதமான நிலைப்பாடா என்பது இன்றைய தலைப்பு. மிதமான நிலைப்பாடே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், மிதவாதி என்பவர் மதில்மேல் பூனை என்றும், எதிலும் உறுதியில்லாதவர் ஒளிந்துகொள்ளும் இடமே மிதவாதம் என்றும் கூறினார். வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பங்கள் எரிக்கப்பட்டபோது மிதவாதிகள் எங்கே இருந்தார்கள் என்றும் கேட்டார். நியாயமான கேள்வி அது. அதற்கு விடை சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

முதலில் சமயத்தை எடுத்துக்கொள்கிறேன். இந்த ஊரில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை பிறவிக் கத்தோலிக்கர். இறுதிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தவர். இங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள திருவாவடுதுறை ஆதீனம் என்னும் சைவ மடத்தில் தலைவராக இருந்த சுப்பிரமணிய தேசிகருக்கும் அவருக்கும் இருந்த நட்பை ஊரே அறிந்திருந்தது. அந்த ஆதீனத்தின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சிவத்தலங்களின் மேல் புராணங்களாகப் பாடிக் குவித்த அழுத்தமான சைவர். அவரே வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை பாடினார். வேதநாயகம் பிள்ளையோ சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எழுதினார். இவர்களில் யார் தம் சமயத்தை விட்டுக்கொடுத்தார் என்று எதிரணியினர் சொல்லட்டும். மகாவித்துவானிடம் பயின்ற உ.வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, அவ்வூர்ச் சமணர்களின் வீடுகளுக்குச் சென்று அவர்களுடைய சமயக் கருத்துகளைக் கேட்டுத் தெளிந்து, 1887இல் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். தம் நம்பிக்கையில் ஊன்றி நின்றவர்களால்தான் பிறர் நம்பிக்கைக்கு அருகில் அச்சமின்றிச் செல்ல முடிந்தது. இதற்கு உறுதியின்மை என்று பெயர் சூட்டினால், உறுதி என்பதற்கு எதிரணியினர் வைத்திருக்கும் பொருளை அவர்களே விளக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தையும் சான்றாகச் சொல்லலாம். என் தந்தையார் நாள்தோறும் தேவாரம் ஓதியவர்; பெரியப்பா கருப்புச் சட்டைக்காரர். பெரியப்பா தம் மகளுக்குச் சுயமரியாதைத் திருமணம் நடத்தினார். என் தந்தையார் என் அக்காளுக்கு ஐயரை வைத்து நடத்தினார். இரண்டு திருமணத்திற்கும் இருவரும் முன்னின்று பந்தியில் பரிமாறினார்கள். அண்ணா முதலமைச்சராக இருந்த 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கியது. ஆனால் புரோகிதர் வைத்து நடக்கும் திருமணத்தைத் தடுக்கவில்லை. யாரையும் வற்புறுத்தாத காரணத்தால் அந்தச் சட்டம் வலுவிழந்து போய்விட்டதா? எங்கள் வீட்டுப் பெண்கள் இருவரும் சட்டத்தின் முன் ஒரே தகுதியுள்ள மனைவியர்தாம்.

அரசியலுக்கு வருகிறேன். காவிரியைப் பற்றிப் பேசினால் நம் எல்லோருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது. உயர்வதில் தவறும் இல்லை. 1991இல் காவிரி நடுவர் மன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) என்று இடைக்கால ஆணை தந்தபோது கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அதை மறக்க முடியாது. ஆயினும் 2003இல் நம் டெல்டா விவசாயிகளும் கர்நாடக விவசாயிகளும் காவிரிக் குடும்பம் என்ற பெயரில் ஒன்றாக அமர்ந்தார்கள். ஒருவர் வயலை மற்றவர் சென்று பார்த்தார்கள். அந்தப் பேச்சில் பங்கீடு முடிவாகவில்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அங்கே சென்றவர்கள் நீதிமன்றத்தில் தமிழகத்தின் கோரிக்கையில் ஒரு சொட்டையும் குறைத்துக் கொடுத்துவிட்டு வரவில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி என்று தீர்ப்பளித்தது. நமக்கு மனநிறைவு தராத அளவுதான், என்றாலும் சட்டத்தின் வழியே வந்த உரிமை அது. இருபுறமும் எரிந்த வண்டிகளால் ஒரு மடைக்கும் நீர் வரவில்லை.

இனி வெண்மணி. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர்கள் செங்கொடிச் சங்கத்தினர்; அந்தச் சங்கம் அவர்களை நிமிர்ந்து நிற்கச் செய்தது என்பதை நான் மறுக்கவில்லை, மதிக்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, அவர்கள் கேட்டது என்ன என்று எண்ணிப் பாருங்கள். கூலியில் அரைப்படி நெல் கூட வேண்டும், சங்கத்தில் இருக்கும் உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். பண்ணையாரின் நிலத்தைக் கேட்கவில்லை, உயிரைக் கேட்கவில்லை. உழைப்பவர் கேட்கக்கூடிய கோரிக்கைகளில் இதைவிட மிதமானது ஒன்று உண்டா? அந்த மிதமான கோரிக்கையைக்கூடப் பொறுக்க முடியாத வெறிதான் தீ வைத்தது. வெண்மணியைத் தீவிர நிலைப்பாட்டுக்குச் சான்றாகக் கொண்டுவந்தால், அது தீ வைத்தவர்களின் பக்கத்தில்தான் போய் நிற்கும்.

மிதவாதிகள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. அன்று ஊமையாக இருந்தவர்கள் பலர். அவர்களுக்காக நான் வாதிடவில்லை, அநீதிக்கு முன் வாய் மூடுவதை மிதம் என்று ஏற்கவும் மாட்டேன். ஆனால் காந்திய வழியில் நின்ற கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அந்தக் கொடுமைக்குப் பின் இந்தப் பகுதிக்கு வந்து, தங்கி, உழைத்தார். 1981இல் உழுபவருக்கு நிலம் கிடைக்கப் பாடுபடும் லாஃப்டி என்னும் அமைப்பைத் தம் கணவரோடு தொடங்கினார். நில உடைமையாளர்களோடு பேசினார், வங்கிக் கடனுக்கு அலைந்தார், போராட வேண்டிய இடத்தில் போராடினார், சிறைக்கும் சென்றார். நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கிடைக்கச் செய்தார். அந்த நிலங்கள் பெண்களின் பெயரில் எழுதப்பட்டன. நிலக்கிழாரைப் பகைவராகக் கருதி ஒதுக்கியிருந்தால் அவரோடு விலை பேசியிருக்க முடியாது. நிலமற்றவரின் பக்கம் உறுதியாக நின்றிராவிட்டால் பேசுவதற்கு அவசியமே எழுந்திராது. இரண்டும் ஒருவரிடமே இருந்தன.

எனக்குப் பின் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றைக் கேட்டு அமர்கிறேன். அந்தப் பெண்களில் ஒருவர் தம் பெயரில் உள்ள பத்திரத்தோடு இந்த அரங்கத்தில் எழுந்து நின்றால், கிருஷ்ணம்மாள் உறுதியில்லாதவர் என்று அவரிடம் எந்தச் சான்றைக் காட்டி நிறுவுவீர்கள்? நன்றி, வணக்கம்.