ஈர்க்குச்சியும் நெல்லிக்காயும்

(காரைக்குடியில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் வணக்கம். 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்ட ஊர் இது. இங்கே நின்று வேதியியல் பேசக் கிடைத்ததில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி.

விடைத்தாள் திருத்தும்போது ஒரு வரி வருஷா வருஷம் என்னை வருத்துகிறது. ‘கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் எலக்ட்ரான் கவர்தன்மை வேறு, ஆகவே கார்பன் டை ஆக்சைடு முனைவுள்ள மூலக்கூறு.’ எலக்ட்ரான் கவர்தன்மை என்றால், பிணைப்பிலுள்ள எலக்ட்ரானை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் வலிமை. முனைவுள்ளது என்றால், ஒரு முனையில் சற்று எதிர்மின்னும் மறுமுனையில் சற்று நேர்மின்னும் இருப்பது. விடையின் முதல் பாதி சரி. கவர்தன்மையை எண்ணால் சொல்லும் பாலிங் அளவுகோலில் கார்பன் 2.55, ஆக்சிஜன் 3.44. பிணைப்பு முனைவுள்ளதுதான். ஆனால் பிள்ளை படம் போட்டுப் பார்க்காமலே முடிவுக்குப் போய்விட்டது.

இதோ மேசையைப் பாருங்கள். விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சி, நெல்லிக்காய், சுண்டைக்காய். ஈர்க்குச்சி பிணைப்பு, எலக்ட்ரானை அதிகம் இழுக்கும் அணு நெல்லிக்காய், குறைவாக இழுப்பது சுண்டைக்காய் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் சுண்டைக்காயாகக் கார்பன். அதன் வெளிக்கூட்டு எலக்ட்ரான் நான்கும் பிணைப்பில் போய்விட்டன. தனித்த இணை, அதாவது பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி, எதுவும் மிச்சமில்லை. அதனால் இரண்டு ஆக்சிஜனும் எதிரெதிரே ஒரே கோட்டில் நிற்கின்றன. இந்தப் பக்கம் எவ்வளவு இழுப்போ அந்தப் பக்கமும் அவ்வளவே. மொத்தம் சுழி; மூலக்கூறு முனைவற்றது.

நீருக்கு வாருங்கள். நடுவில் நெல்லிக்காய், அதாவது ஆக்சிஜன். வெளிக்கூட்டில் ஆறு எலக்ட்ரான்; இரண்டு மட்டும் ஹைட்ரஜனோடு சேர, நான்கு இரு தனித்த இணைகளாக நிற்கின்றன. அவை தள்ளத் தள்ள ஈர்க்குச்சிகள் 104.5 பாகைக்கு மடங்குகின்றன. மடங்கிய பிறகு இழுப்புகள் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள வழியில்லை. முனைவு எவ்வளவு என்று காட்டும் அளவுக்கு இருமுனைத் திருப்புத்திறன் என்று பெயர், அதன் அலகு டிபை; நீருக்கு அது 1.85 டிபை. நம் வீட்டுக் குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறதே, அது தண்ணீரோடு கலக்காததற்குக் காரணம் இந்த முனைவுதான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். அம்மோனியா, நைட்ரஜன் டிரைபுளூரைடு: இரண்டுமே மூன்று கால் முக்காலி போன்ற வடிவம். புளூரின் 3.98, எலக்ட்ரானை இழுப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. அதனால் டிரைபுளூரைடுதான் அதிக முனைவுள்ளது என்று யாரும் சொல்வார்கள், நானும் ஒரு காலத்தில் சொன்னேன். அளந்து பார்த்தால் அம்மோனியா 1.47 டிபை, மற்றது வெறும் 0.23.

ஏன்? முக்காலியின் தலையில் நைட்ரஜனின் தனித்த இணை உட்கார்ந்திருக்கிறது. அம்மோனியாவில் மூன்று ஹைட்ரஜனிடமிருந்தும் எலக்ட்ரான் நைட்ரஜனை நோக்கி மேலே வருகிறது. தனித்த இணையும் மேலே. இரண்டும் கூடுகின்றன. மற்றதில் புளூரின்கள் கீழே இழுக்க, தனித்த இணை மேலே இழுக்க, பெரும்பகுதி கழிந்துபோகிறது. கவர்தன்மை எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது பிடிபடவே பிடிபடாது.

கடைசியாக இது. ஒரு சுண்டைக்காயைச் சுற்றி நான்முகியாக, அதாவது நாலாபுறமும் சம இடைவெளியில், குளோரினுக்காக நான்கு நெல்லிக்காய்: கார்பன் டெட்ராகுளோரைடு, சுழி. ஒரே ஒரு நெல்லிக்காயைப் பிடுங்கிவிட்டு ஹைட்ரஜனுக்காக ஒரு சுண்டைக்காயைச் செருகுகிறேன். குளோரோஃபார்ம். 1.04 டிபை. முன்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து வந்து கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள்.